சங்கராவா, நவரையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி – அம்மாபேட்டைக்காரன்:
சேலம் மார்க்கெட்ல சங்கரா மீனும் நவரை மீனும் ஒரே ஐஸ் பெட்டியில கலந்து கிடக்கு. ரெண்டுமே இளஞ்சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள் கோடு. எதை வெச்சுப் பிரிக்கிறது? எங்கே வாழுற மீன்கள் இவை?

பதில் – வலைக்கண்:
நிறத்தை நம்பாதீங்க, ஐஸ்ல வெளுத்துடும். தாடையைத் திருப்பிப் பாருங்க. நவரைக்கு அடியில ரெண்டு மீசை உண்டு, தொண்டைப் பள்ளத்துல மடங்கி ஒட்டியிருக்கும். நகத்தால நெம்பினா வெளியே வரும். சங்கராவுக்கு மீசையே கிடையாது.
மீசை அறுந்திருந்தா முதுகுத் துடுப்பை விரிச்சுப் பாருங்க. நவரைக்கு ரெண்டு தனித்தனித் துடுப்பு, நடுவுல இடைவெளி. சங்கராவுக்கு தலைப்பக்கத்துலேர்ந்து வால் வரை ஒரே துடுப்பு. சங்கரா வாலோட மேல்நுனியில நூல் மாதிரி நீட்டம் இருக்கும்னு சொல்வாங்க. அது முதல்ல ஒடியிற பாகம், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

பதில் – ஏற்காடு மிளகு:
ரெண்டும் கரையோரக் கடலோட மணல், சேறு கலந்த அடித்தரையில மேயுறவை. நவரை மீசையால மணலைத் துழாவிப் புழு, சின்ன இறாலைத் தின்னும். பெரும்பாலும் இழுவலையில சிக்குறதால உடம்பு நசுங்கித்தான் வரும்.
இன்னொண்ணு: நவரை சதை மிருது, சீக்கிரம் குழையும். மலைக்குக் கொண்டுவர்றதா இருந்தா குடலை எடுத்துட்டு ஐஸ் போடச் சொல்லுங்க.

பதில் – வலைக்கண்:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுக்குத் தடை. அப்போ ‘நேத்துப் பிடிச்ச நாகப்பட்டினம் சங்கரா’ன்னு குவிச்சு வெச்சிருந்தா செவுளைத் தூக்கிப் பாருங்கண்ணா. பழுப்பா இருந்தா வேண்டாம்.