தூக்கத்திலிருந்து எழுந்ததும் அம்மா விழுந்துவிடுகிறார்

அம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். 3 வாரத்தில் 2 முறை விழுந்துவிட்டார். இரண்டுமே நள்ளிரவுக்குப் பிறகு, கழிவறைக்குப் போக எழுந்தபோது. எலும்பு முறியவில்லை, ஆனால் எனக்குத் தூக்கமே போய்விட்டது.

படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 140/80, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் 112/70. மேல் அளவு இப்படி 20க்கு மேல் இறங்குவதுதான் தலைசுற்றலுக்குக் காரணம் என்று மருத்துவர் பிரஷர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார். இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி எல்லாம் வைத்தாயிற்று, கால்மிதிகளையும் எடுத்தாயிற்று. கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள் என்றால் சரி என்கிறார், அப்புறம் அவசரத்தில் மறந்துவிடுகிறார். படுக்கையருகே கழிப்பறை நாற்காலி போட்டால் கூச்சப்படுகிறார். அது எனக்குப் புரிகிறது, வற்புறுத்த மனம் வரவில்லை.

அரைத் தூக்கத்தில் எழுபவரை 2 நிமிடம் கட்டிலிலேயே உட்கார வைக்க உங்கள் வீட்டில் எது பலித்தது?