இலங்கைக்கு ஒரு லீ குவான் யூ வேண்டுமா?

நிலாவெளியான்:
ஒரு காணிப் பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்க ஏழு தடவை அலைந்துவிட்டேன். போகும்போதெல்லாம் "ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், வியாழக்கிழமை வாங்க." திரும்பும் வழியில் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: தேர்தல் போதும், நமக்கு ஒரு லீ குவான் யூ வேண்டும். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. 1959 முதல் 1990 வரை சிங்கப்பூரில் அந்த ஒரே ஆள்தான் பிரதமர். தமிழ் அங்கே ஆட்சிமொழி. அவருடைய வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். நாங்கள் 1947இலிருந்து விடாமல் வாக்குப் போடுகிறோம், என்ன கண்டோம்?

உவர்மலை:
அண்ணே, 'விடாமல்' என்பது தப்பு. 1977க்குப் பிறகு அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் வந்தது. நடுவில் 1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதிலாக, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டலாமா என்று 'விளக்கா, குடமா' வாக்கெடுப்பு வைத்தார்கள். விளக்கு என்றால் நீட்டலாம், குடம் என்றால் வேண்டாம். விளக்கு வென்றது. ஏழு மாதத்தில் தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரம் வந்தது.

லீயையும் முழுசாகப் பாருங்கள். சியா தை போ என்ற எதிர்க்கட்சி எம்பியை 1966இல் பிடித்தார்கள். வழக்கே இல்லாமல் இருபது வருடத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த மனிதருடைய வீட்டாரிடம் போய் 'நல்ல சர்வாதிகாரி' என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, பலமான தலைவர் வேண்டும் என்று கேட்டால் லீதான் வருவார் என்று யார் சொன்னது? பர்மாவுக்கு, அதாவது இன்றைய மியான்மருக்கு, 1962இல் நே வின் என்ற ராணுவத் தளபதி வந்தார். யுத்தத்துக்கு முன் உலகத்துக்கே அதிகமாக அரிசி விற்ற நாடு அது. 1987இல் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. அந்த வருடம் செப்டம்பரில் 25, 35, 75 சட் (அந்த நாட்டுக் காசு) நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. புதிதாக வந்தவை 45உம் 90உம், ஒன்பதால் வகுபடும் எண்கள். மனுசனுக்கு எண் சாத்திரம்! சேமித்த காசு போய்விட்டது என்று யாரிடம் போய் முறையிடுவது? கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது வெறுங்கையோடு கப்பலேறிய தமிழர்களுடைய மிச்சம்தான் சென்னை பர்மா பஜார்.

கிண்ணியாப் படகு:
பர்மா என்றதும் எனக்கு 2024 டிசம்பர் ஞாபகம். முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்த, பர்மாவின் ரோஹிங்கியா முஸ்லிம்கள் வந்த படகை நேவி திருகோணமலைக்குத்தான் கொண்டுவந்தது. நூறு பேருக்கு மேல், கைக்குழந்தைகளும் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் உடுப்பும் பால்மாவும் சேர்த்தோம். இவர்களுக்கு ஏன் நாடில்லை என்று மகன் கேட்டான். நே வின் காலத்து 1982 குடியுரிமைச் சட்டத்தைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நிலாவெளியான்:
அங்கேதான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், நானா. 2017இல் ஏழு இலட்சம் பேர் பங்களாதேசுக்கு ஓடியபோது யார் ஆட்சி? வாக்கால் வந்த ஆங் சான் சூ கீ. 2019இல் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கே போய், இனப்படுகொலை வழக்கில் நாட்டுக்காக வாதாடினார். இங்கே 1948இல் மலையகத் தமிழருடைய குடியுரிமையைப் பறித்ததும் ராணுவமா? தேர்தலில் வந்த பாராளுமன்றம். 2006 சனவரியில் நம் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் இங்கே தேர்தல் அரசுதான். சின்னச் சமூகத்துக்கு இரண்டும் ஒன்றுதான், தம்பி.

உவர்மலை:
இதற்குப் பதில் யோசிக்க எனக்கு இரவு முழுக்கப் பிடித்தது, உண்மையைச் சொல்கிறேன். சூ கீ காலத்திலும் பாதுகாப்பு, உள்நாடு, எல்லை மூன்று அமைச்சும் ராணுவத்திடம்தான் இருந்தன, பாராளுமன்றத்தில் கால்வாசி இடமும் அவர்களுக்கு. ஆனால் ஹேக்குக்கு அவரை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். 1948ஐயும்.

இரண்டும் ஒன்று என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022 மே மாதம் பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச எங்கே வந்து ஒளிந்தார்? நம்முடைய திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள். சனம் வாசலில் நின்று கத்தியது. ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போனார். பர்மாவில் 1988இல் இப்படி வீதிக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

கன்னியா வெந்நீர்:
இரண்டு பேருக்கும் இடையில் வருகிறேன். 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக்கின் சதாம் ஹுசைன் குவைத்துக்குள் புகுந்தபோது அம்மா அங்கே வீட்டுவேலையில் இருந்தார். ஈராக் வழியாக ஜோர்தானுக்கு வந்து, உடுத்த உடுப்போடு வீடு சேர்ந்தார். சம்பள பாக்கி இன்னும் வரவில்லை. ஒரு ஆளுடைய முடிவு, அவ்வளவுதான். ஈராக்கின் குர்து ஊரான ஹலப்ஜாவில் அதற்கு இரண்டு வருடம் முன்பே விஷவாயு போட்டவரும் அவர்தான்.

ஆனால் வெளிநாட்டுப் படை வந்து விழுத்திய பிறகு ஈராக்கில் என்ன நடந்தது என்றும் பார்த்தோம். லிபியாவில் கடாபி 42 வருடம் இருந்தார். நீதிமன்றம், கட்சி, சங்கம் ஒன்றையும் தன் காலில் நிற்க விடவில்லை. 2011இல் அவர் போனதும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, துப்பாக்கி வைத்திருந்தவனுக்கெல்லாம் ஒரு ஊர். 'அவர் இருந்தபோது ஒழுங்காக இருந்தது' என்பவர்கள் இதையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நிலாவெளியான்:
சரி, கடாபியை விட்டுவிடுகிறேன். லீயை விடமாட்டேன். லீ இருந்திருந்தால் என் பத்திரம் ஒரு வாரத்தில் வந்திருக்கும்.

உவர்மலை:
தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது அண்ணே, 2016இன் 12ஆம் இலக்கம். பத்திரம் யாருடைய மேசையில் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நிலாவெளியான்:
எட்டாவது தடவை வியாழக்கிழமை போகிறேன். அந்த விண்ணப்பத்தை யாராவது எழுதித் தாருங்கள். தமிழில்.