கர்த்தர் பேசுறாரா, என் மனசு பேசுதா? நீங்க எப்படி கண்டுபிடிக்கிறீங்க?

குமரி_நர்ஸ்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சர்ச்ல கேட்டா நாளைக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரும், அதான் இங்க போடுறேன். நாகர்கோவில் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ் வேலை. ஓஇடி (மருத்துவ வேலைக்காரங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை) பாஸ் பண்ணி இன்டர்வியூவும் முடிஞ்சு யூ.கே-ல ஒரு ஆஸ்பத்திரில ஆஃபர் வந்துருக்கு, மாசக்கடைசிக்குள்ள பதில் சொல்லணும். பொண்ணு ஒண்ணாங்கிளாஸ். அத்தைக்கு சுகர், கால்ல புண்ணு ஆறமாட்டேங்குது, டிரெஸ்ஸிங் நான்தான் பண்றேன், வேற யாரையும் தொட விடமாட்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட கேட்டா "கர்த்தர் உனக்கு என்ன காட்டுறாரோ செய்"ன்னு சொல்லிட்டு ஒதுங்கிட்டார்.

குழப்பம் என்னன்னா, வாட்ச்நைட்ல, அதான் புதுவருஷ ராத்திரி ஆராதனைல, எடுத்த வாக்குத்தத்த வசனக் கார்டுல ஏசாயா 54:2, "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு". அப்புறம் ஜெபவீட்டு சிஸ்டர் தலைல கைவச்சு "கடல் கடந்து போவாய் மகளே"ன்னாங்க. சரி ஆண்டவர் சொல்லிட்டார்னு இருந்தா போன வாரம் வேதம் வாசிக்கும்போது எரேமியா 42:10, "நீங்கள் இந்தத் தேசத்திலே தரித்திருந்தால், நான் உங்களைக் கட்டுவேன்"னு வருது!! இப்ப எத எடுத்துக்க? எங்க சர்ச்ல சிலபேர் சேலை கலர் கூட கர்த்தர் சொன்னார்னு சொல்றாங்க, நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து முழங்கால் போட்டா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுறேன், ஒரு சத்தமும் கேக்கல.

பாளை_அண்ணாச்சி:
தங்கச்சி, அந்த 42-ம் அதிகாரத்த 10-ம் வசனத்தோட நிறுத்தாம முழுசா வாசிச்சுப் பாரும்மா, உன் கேள்வியே அங்கதான் கிடக்கு. பாபிலோன் ராஜா யூதாவுக்கு அதிகாரியா வச்ச கெதலியாவ கொன்னுட்டாங்க, பாபிலோன்காரன் வந்து பழிவாங்குவான்னு பயந்து மிச்சம் இருந்த ஜனமெல்லாம் எகிப்துக்குப் போகணும்னு பெத்லகேம் பக்கத்துல வந்து தங்கியாச்சு. அதாவது மூட்டைய கட்டிட்டாங்க. கட்டிட்டு எரேமியாகிட்ட வந்து எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் நல்லது சொன்னாலும் சரி கெட்டது சொன்னாலும் சரி அப்படியே கேப்போம்ங்கிறாங்க. எரேமியா உடனே எதையும் அவுத்து விடல, பத்து நாள் கழிச்சுதான் அவருக்கு வார்த்தை வந்துச்சுன்னு 7-ம் வசனத்துல இருக்கு. எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி, அவருக்கே பத்து நாள்! நம்ம ஆளுங்க என்னடான்னா தலைல கைவச்ச உடனே சொல்லிடுறாங்க. பதில் வந்ததும் ஜனம் என்ன சொல்லிச்சு தெரியுமா, "நீ பொய் சொல்றே"ன்னு. 43-ம் அதிகாரம் தொடக்கத்துலயே இருக்கு.

அதனால அந்த வசனம் உன்ன ஊர்லயே இருக்கச் சொல்லுதுன்னு நான் சொல்ல வரல. அது அந்த ஜனத்துக்கு அந்த நேரத்துல சொன்னது. ஏசாயா 54-ம் அப்படித்தான், சிறையிருப்புல நொந்து போன ஜனத்துக்கு ஆறுதலா சொன்னது, விசா பேப்பர் இல்ல. நீ பாக்க வேண்டியது ஒண்ணுதான், மூட்டைய கட்டிட்டு கேக்குறியா கட்டாம கேக்குறியா. ஒரு வேள போகாம இருக்கணும்னு கட்டுன மூட்டையாவும் இருக்கலாம், அதுவும் மூட்டைதான்.

அக்கினி_அபிஷேகம்:
பிரைஸ் த லார்ட் சிஸ்டர். அண்ணாச்சி தீர்க்கதரிசனத்த கொஞ்சம் இளக்காரமா பேசுறாப்ல இருக்கு, அற்பமா எண்ணாதீங்கன்னு 1 தெசலோனிக்கேயர் 5:20 சொல்லுது. ஆனா அடுத்த வசனமே எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்கன்னும் சொல்லுது, ரெண்டையும் சேத்துதான் வச்சுக்கணும். எங்க சபைல யாராவது தீர்க்கதரிசனம் சொன்னா மூப்பர்கள் உக்காந்து நிதானிப்பாங்க, 1 கொரிந்தியர் 14:29 அப்படித்தான். தனியா கூப்டு காதுல சொல்றத நாங்க எடுத்துக்கறதில்ல.

அப்புறம் அப்போஸ்தலர் 21 வாசிங்க. அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சைய (இடுப்புக் கட்டு) எடுத்து தன் கைகால கட்டிக்கிட்டு, எருசலேம்ல இப்படித்தான் கட்டுவாங்கன்னு ஆவியானவர் சொல்றார்ங்கிறான். கேட்ட எல்லாரும் அழுது, போகாதீங்கன்னு கெஞ்சுனாங்க. பவுல் போனார். வார்த்தை உண்மைதான், ஆனா அதுக்காக போகணுமா வேண்டாமான்னு அகபு சொல்லவே இல்ல பாருங்க, ஜனங்களா சேத்துக்கிட்டது அது. "கடல் கடந்து போவாய்"னு சிஸ்டர் சொன்னது ஒருவேள நெஜமாவே இருக்கட்டும், இந்த ஆஃபர்லயா, இந்த மாசமான்னு அவங்க சொன்னாங்களா?

சும்மா_ஒரு_ஆளு:
குமரி மாவட்டத்துல ஒரு நர்சப் பாத்து கடல் கடந்து போவன்னு சொல்ல தீர்க்கதரிசனம் எதுக்குங்க 😄 (தப்பா எடுத்துக்காதீங்க)

முத்துநகர்_கத்தோலிக்கன்:
வணக்கம் சிஸ்டர், எங்க பக்கத்து வழி ஒண்ணு சொல்றேன். சேசு சபைய தொடங்குன இஞ்ஞாசியார் முதல்ல ஒரு போர்வீரர், 1521-ல ஸ்பெயின்ல பாம்பலோனா சண்டைல குண்டு பட்டு கால் நொறுங்கிப் போச்சு, மாசக்கணக்குல படுக்கை. வீரசாகசக் கதை புக்கு கேட்டா அந்த வீட்ல இருந்தது இயேசு வரலாறும் புனிதர் வரலாறும்தான். வேற வழியில்லாம வாசிச்சார். அப்பதான் ஒண்ண கவனிச்சார், சண்டை, அரண்மனை, பெரிய இடத்துப் பொண்ணுன்னு கனவு காணும்போது ஜோரா இருக்கு, ஆனா அது முடிஞ்சதும் மனசு வறண்டு போகுது. புனிதர்கள மாதிரி வாழணும்னு நெனச்சப்போ அப்பவும் சந்தோஷம், நெனச்சு முடிச்ச பிறகும் அந்த சந்தோஷம் நிக்குது. அவரோட "தெளிந்து தேர்தல்", அதாவது மனசோட அசைவுகள கவனிச்சு ஆண்டவர் விருப்பத்த கண்டுபிடிக்கிற முறை, எல்லாம் அதுலருந்து வந்ததுதான்.

நீங்களும் செஞ்சு பாருங்க. ரெண்டு மூணு நாள் போறேன்னு முடிவே எடுத்தாச்சுங்கிற மாதிரி மனசுக்குள்ள இருங்க, டியூட்டி பாருங்க, பொண்ணுக்கு தலை பின்னுங்க, அத்தைக்கு டிரெஸ்ஸிங் பண்ணுங்க. அப்புறம் அதே மாதிரி போகலன்னு இருங்க. எதுல மனசு அமைதியா நிக்குது, எதுல குடையுதுன்னு ராத்திரி ஒரு வரி எழுதி வைங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு முழங்கால் போட்டா தூக்கம்தான் வரும், பஸ்ல வரும்போதே அன்னைக்கு நடந்தத ஆண்டவரோட ஒரு தடவ திரும்பிப் பாத்துடுங்க, போதும். ரொம்ப சோர்ந்து இருக்கிற நாள்ல மட்டும் ஏற்கனவே எடுத்த முடிவ மாத்தாதீங்க, இதுவும் அவர் சொன்னதுதான்.

கார்டு எடுக்குறதப் பத்தி, பழைய காலத்துப் புனிதர் அகுஸ்தினார் 386-ல மிலான்ல ஒரு குரல் கேட்டு பைபிள தொறந்த எடத்துல வாசிச்சுதான் மனம் மாறினார். ஆனா அவரே பிற்பாடு ஒரு கடிதத்துல, உலகக் காரியத்துக்கெல்லாம் நற்செய்தி புக்க தொறந்து சீட்டு பாக்குற பழக்கம் எனக்குப் பிடிக்கலன்னு எழுதிட்டார்.

கிரேஸ்_அக்கா:
பிள்ளே, எல்லாரும் வசனம் சொல்லிட்டாங்க, நான் வேற கேக்கேன். ஓன் வீட்டுக்காரர் ஒதுங்கினது எனக்கு சரியாப் படல. "கர்த்தர் காட்டுறத செய்"ன்னா கேக்க பக்தியாத்தான் இருக்கும், ஆனா நாளைக்கு ஏதும் கோளாறுன்னா "நீதானே போன"ன்னு சொல்ல வசதியாப் போச்சுல்லா. அப்போஸ்தலர் 15:28-ல பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டதுன்னு எழுதுனாங்களே, அதுக்கு முன்னாடி அந்த அதிகாரம் பூரா உக்காந்து வாக்குவாதம் பண்ணிருக்காங்க. உக்காத்தி வச்சுப் பேசு. பிள்ளைய யாரு ஸ்கூலுக்கு விடுவா, டிரெஸ்ஸிங்குக்கு ஆள் போட்டா மாசம் எவ்வளவு, எத்தன வருஷம், அவரு வேலைய விட்டுட்டு வருவாரா, எல்லாம் ஒரு பேப்பர்ல எழுது. இதெல்லாம் ஆவிக்குரியது இல்லன்னு எவன் சொன்னான்?

இன்னொண்ணு, ஏஜென்சி துட்டு கேட்டானா? யூ.கே-ல நர்ஸ் எடுக்குறதுக்கு உள்ள விதிப்படி நம்மகிட்ட ஏஜென்சி ஃபீஸ் வாங்கக்கூடாது. கேட்டான்னா அங்கயே பாதி பதில் கெடச்சிரும்.

குமரி_நர்ஸ்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாச்சி, நான் ஓஇடி எழுதுன அன்னைக்கே மூட்டைய கட்டிட்டேன்னு நெனக்கிறேன் 🙈 அக்கா, "சர்வீஸ் சார்ஜ்"னு ஒரு தொகை கேட்டுருக்காங்க, அது என்னன்னு நாளைக்கு எழுத்துல கேக்கப் போறேன். ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப், எரேமியா 42, 43 அவரோட சேந்து வாசிச்சுட்டு பேப்பர எடுக்கலாம்னு இருக்கேன். அத்தைகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல, முடிவெடுத்த பிறகு சொல்லிக்கலாமா?

கிரேஸ்_அக்கா:
அவிய காலு பிள்ளே அது. மொதல்ல அவியகிட்ட சொல்லு.