4-20 மில்லி ஆம்பியர் சென்சாரை ராஸ்பெர்ரி பையில் நேரடியாக மாட்டலாமா?

போர்மோட்டார்: எங்க பட்டறை சம்ப் 4 மீட்டர் ஆழம். உள்ளே ஒரு லெவல் சென்சார் தொங்குது. ரெண்டு ஒயர், 4-20 மில்லி ஆம்பியர் (காலின்னா 4, நிறைஞ்சா 20), 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. அளவு இப்போ பேனல் இன்டிகேட்டர்ல மட்டும்தான் தெரியுது. அதே லூப்ல (கரண்ட் சுத்தி வர்ற ஒயர் பாதை) ராஸ்பெர்ரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டையும் சேர்த்து போன்ல பார்க்கணும், போர் மோட்டாரையும் ஓட்டணும். பைக்கு அனலாக் இன்புட்டே கிடையாதுன்னு வாங்கின பிறகுதான் தெரிஞ்சது. வோல்டேஜை எண்ணா மாத்தற ஏடிசி சிப் உள்ள ஏடிஎஸ்1115 போர்டும், கரண்டை வோல்டேஜா மாத்த 100 ஓம் ரெசிஸ்டரும் கையில இருக்கு. மாட்டிடலாமா?

பேனல்பாண்டி: வேண்டாம் தம்பி. ஐசோலேஷன் உள்ள (லூப்புக்கும் பைக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாத) மோட்பஸ் மாட்யூல் வாங்கி, ரீடிங்கை ஆர்எஸ்485 டேட்டா ஒயர் வழியா பைக்குக் கொண்டு போங்க. ரெசிஸ்டர் கால் ஒண்ணு விட்டுப் போச்சுன்னா சென்சார் வழியா 24 வோல்ட் அப்படியே ஏடிசி பின்னுக்கு வரும். 3.3 வோல்ட் சாமான் அது.

சால்டர்சாமி: அதுக்குத்தான் பின்னுக்கு முன்னாடி 10 கிலோ ஓம் போடறது. 24 வோல்ட் வந்தாலும் 2 மில்லி ஆம்பியருக்கு மேல பாயாது, சிப் தாங்கும். அதனால வர்ற பிழை ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். 100 ஓம்ல 0.4 முதல் 2 வோல்ட். ஏடிசியில 4.096 வோல்ட் ரேஞ்ச் வெச்சா மொத்தம் 12,800 படி, ஒரு படிக்கு 0.31 மில்லிமீட்டர். தண்ணியில காத்தடிச்சா அதைவிட அதிகமா ஆடும்! இதுக்கு எதுக்கு மாட்யூல்?

பேனல்பாண்டி: படியை எண்ணி என்ன பண்ண? பக்கத்துல விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்தற டிரைவ்) ஓடற பேனல்ல ரீடிங் குதிக்கும் பாருங்க.

சால்டர்சாமி: கேபிளைச் சுத்தியிருக்கற ஷீல்டை ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணி, பத்து ரீடிங் எடுத்து நடு மதிப்பை வெச்சா குதிக்காது. சம்ப் என்ன, நொடிக்கு நொடி நிரம்புதா?

எலிக்கடி: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க இடத்துல பாண்டி அண்ணா சொல்ற அதே மாதிரி மாட்யூல்தான். ராத்திரி எலி கேபிளைக் கடிச்சது. கரண்ட் 0. என் புரோகிராம் 4-க்குக் கீழ வந்த எல்லாத்தையும் 4-ன்னு எடுத்து "தொட்டி காலி"ன்னு மோட்டாரைப் போட்டது. விடிய விடிய ஓடி, காலையில ஷெட்ல கணுக்கால் தண்ணி. பூஜ்யத்துக்குப் பதிலா 4-ல ஆரம்பிக்கறதே ஒயர் அறுந்தா தெரியணும்னுதான். அந்தத் தகவலை நானே குப்பையில போட்டுட்டேன். இப்போ 3.6-க்குக் கீழயோ 21-க்கு மேலயோ வந்தா மோட்டார் நிக்கும், மணி அடிக்கும்.

சால்டர்சாமி: இதைத்தான் நானும் சொல்றேன். கோடு தப்புன்னா மாட்யூல் காப்பாத்தாது. இன்னொண்ணு: 100 ஓமுக்கு 2.048 ரேஞ்ச் வெச்சுடாதீங்க. 20.48 மில்லி ஆம்பியர்லயே ஏடிசி முட்டி நின்னுடும், 21 வந்ததே தெரியாது.

பேனல்பாண்டி: கோடு விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா இன்னொரு விஷயத்தை யாரும் யோசிக்கலை. லூப்ல ஏற்கெனவே இன்டிகேட்டர் இருக்கு. உங்க 100 ஓம் அதுக்கும் எஸ்எம்பிஎஸ் மைனஸுக்கும் நடுவுல வரணும். இன்டிகேட்டரோட மைனஸ் உள்ளுக்குள்ளயே பேனல் காமனோட சேர்ந்திருந்தா? ரெசிஸ்டர் ஷார்ட். ரீடிங் வராது. போர்மோட்டார் தம்பி, லூப் ஒயரைக் கழட்டி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, இன்டிகேட்டரோட லூப் மைனஸுக்கும் பேனல் காமனுக்கும் நடுவுல மீட்டர் வெச்சுப் பாருங்க.

போர்மோட்டார்: வெச்சேன். 0.3 ஓம். பீப் அடிக்குது.

சால்டர்சாமி: அப்போ அந்த இடத்துல என் வழி நடக்காது, சரி. ஆனா இன்டிகேட்டரைக் கழட்டிட்டு பை மட்டும் வெச்சா நடக்கும்.

பேனல்பாண்டி: பை ஹேங் ஆன அன்னைக்கு ஆபரேட்டர் எதைப் பார்ப்பாரு? இன்டிகேட்டர் இருக்கட்டும். மாட்யூலை அதுக்கு முன்னாடி, சென்சார் பக்கம், அதே ஒயர்ல வரிசையா (சீரீஸ்ல) போடுங்க. ஐசோலேஷன் இருக்கறதால அங்கேயும் உட்காரும். இன்டிகேட்டருக்கு 250 ஓம், மாட்யூலுக்கு இன்னொரு 250-ன்னே வெச்சாலும் 20 மில்லி ஆம்பியர்ல 10 வோல்ட் போகும், சென்சாருக்கு 14 மிஞ்சும். அதுக்குக் குறைஞ்சது எவ்வளவு வேணும்னு லேபிள்ல பாருங்க.

போர்மோட்டார்: 12-ன்னு போட்டிருக்கு. மாட்யூல் ஆர்டர் பண்ணிடறேன். 3.6 செக் முதல்ல எழுதறேன், எங்ககிட்டயும் எலி இருக்கு.