ஃபைலை நீட்டினால் ஜீரோ வர வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' வருகிறது: பேட்ச் ரிவ்யூ, அவசரம்

கரைமேடு: நாளை காலைக்குள் ஒரு லினக்ஸ் கர்னல் பேட்ச்சை (கோடில் செய்த திருத்தத்தை) ரிவ்யூ செய்து தர வேண்டும். ட்ரங்கேட்டில் (ஃபைலின் அளவை மாற்றும் அழைப்பு) ஃபைலைப் பெரிதாக்கும் பாதையைத் திருத்துகிறது. பழைய ஃபைல் முடியும் பிளாக்கின் (டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் அலகு) மிச்சத்தை ஜீரோவாக்கிவிட்டு, ஐ_சைஸ்_ரைட் போட்டு அளவை மாற்றுகிறது. படித்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஓட்டினால் நடுவில் 'எக்ஸ்' நிற்கிறது. எங்கே தப்பு?

வடம்: எந்த ஃபைல் சிஸ்டம்? எந்த கர்னல்? பிளாக் அளவு? ஃபைல் எத்தனை பைட், எதுவரை நீட்டினீர்கள்?

சக்கரம்7: டிஸ்க்கில் கிடந்த பழைய குப்பைதான். புதிதாக ஒதுக்கிய பிளாக்கை 'அன்ரிட்டன்' (இன்னும் எழுதப்படாதது) என்று குறிக்காமல் விட்டிருப்பார்கள். ஒதுக்கீட்டுக் கோடைப் பாருங்கள்.

வடம்: குப்பையில் சரியாக 'எக்ஸ்' எப்படி வரும்? அதை உங்கள் சோதனை நிரலே எழுதியதா?

கரைமேடு: ஆமாம், நான்தான். ஃபைல் 3000 பைட். எம்மேப் செய்து (ஃபைலை நினைவகத்தோடு இணைத்து) 3500-ஆவது இடத்தில் 'எக்ஸ்' வைத்தேன். அப்புறம் எஃப்ட்ரங்கேட் போட்டு 10000 பைட்டுக்கு நீட்டினேன். படித்தால் 3500-ல் 'எக்ஸ்'. பிளாக் 1 கேபி. 4 கேபி பிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. கர்னல் வெறும் 6.6. ஃபைல் சிஸ்டம் எங்கள் சொந்த மாட்யூல்.

பழையகணக்கு: இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நாலு பேர் நேரம் மிஞ்சியிருக்கும். பேஜுக்கும் (நினைவகத்தின் அலகு, இங்கே 4 கேபி) பிளாக்குக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இந்தப் பகுதியை ரிவ்யூ செய்ய உட்காரக் கூடாது. 3000 விழும் பிளாக் 3071-ல் முடிகிறது. உங்கள் பேட்ச் துடைப்பது அந்த 72 பைட்டை மட்டும். 3500 அடுத்த பிளாக்கில். அந்தப் பிளாக் டிஸ்க்கிலேயே இல்லை, ஆனால் பேஜ் 4095 வரை நினைவகத்தில் இருக்கிறது. அளவு மாறியதும் அது வெளியே தெரிகிறது.

வடம்: இதுதான். ஐ_சைஸ்_ரைட்டைத் தனியாக விடாமல், கையோடு பேஜ்கேச்_ஐசைஸ்_எக்ஸ்டெண்டெட் என்ற கர்னல் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். ட்ரங்கேட்_செட்சைஸ் என்ற ஃபங்ஷன் இதைத் தானாகவே செய்கிறது. ஒன்று கவனியுங்கள்: 2014-ல் பேஜ்கேச்_ஐசைஸ்_எக்ஸ்டெண்டெட் வந்தபோது பேஜில் எழுதுவதைத் தடுக்க மட்டுமே செய்தது, அடுத்து எம்மேப் வழியாக எழுதும்போது புதிய பிளாக் ஒதுக்க வழி கிடைக்கட்டும் என்று. வால் பகுதியை ஜீரோவாக்குவது 6.13-ல்தான் சேர்ந்தது. 6.6-ல் நீங்களே பேஜ் முடிவுவரை துடைக்க வேண்டும்.

சக்கரம்7: ஃபைல் முடிவுக்கு அப்பால் எழுதியது நிரலின் தப்பு. கர்னல் ஏன் துடைக்க வேண்டும்?

வடம்: நீட்டிய பகுதி ஜீரோவாகப் படிக்கப்பட வேண்டும் என்பது போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) விதி. எவன் எழுதினான் என்று பார்த்து விதி மாறாது. படிப்பவர் வேறு புராசஸாக இருக்கலாம்.

சக்கரம்7: அப்படியானால் எல்லாரும் ஃபாலோகேட் (ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் அழைப்பு) பயன்படுத்தட்டும். இடமும் முன்னாலேயே கிடைக்கும்.

பழையகணக்கு: ஃபாலோகேட்டும் கீப்_சைஸ் கொடி இல்லாவிட்டால் அளவைக் கூட்டும். இதே வால், இதே பிரச்சினை. கேள்வியை விட்டு விலகாதீர்கள்.

சக்கரம்7: விலகவில்லை. ஆர்ம் 64 சிப்பில் பேஜ் 64 கேபி வைத்தால் 4 கேபி பிளாக்கிலும் இது வரும் என்பதையும் ரிவ்யூவில் எழுதுங்கள். அதை யாரும் சோதிப்பதே இல்லை.

வடம்: அது நல்ல குறிப்பு. இன்னொன்று: நீட்டும் முன் ரைட்பேக் (நினைவகத்தில் மாறியதை டிஸ்க்கில் எழுதுவது) நடந்துவிட்டால், அளவுக்கு அப்பால் இருப்பதை அதுவே ஜீரோவாக்கிவிடும், 'எக்ஸ்' மறைந்து சோதனை பாஸ் ஆகிவிடும். நடுவில் எம்சிங்க் (ரைட்பேக்கை உடனே நடத்தும் அழைப்பு) போடாதீர்கள்.

கரைமேடு: பேஜ் முடிவுவரை துடைத்தேன், 3500-ல் ஜீரோ. நன்றி. ரிவ்யூவில் 'மறுபடி அனுப்பவும்' என்று போட்டுவிட்டேன்.

வடம்: எஃப்எஸ்எக்ஸ் (ஃபைல் சிஸ்டம் சோதனை நிரல்) 1 கேபி பிளாக்கில் ஓட்டினீர்களா?