தாத்தா உயிலுக்குப் புரோபேட் வாங்கினார்களா? மயிலாப்பூர் வீடு, மதுராந்தகம் நிலம்: பதிவை எங்கே தேடுவது?

கற்பகவிருட்சம்:
வணக்கம். அம்மாவழித் தாத்தா 1984-ல் மயிலாப்பூரில் காலமானார். மயிலாப்பூரில் ஒரு வீடு, மதுராந்தகம் தாலுகாவில் மூன்று ஏக்கர் சொச்சம் நன்செய். உயில் எழுதியிருந்தார். "கோர்ட்டில் புரோபேட் வாங்கியாச்சு" (உயில் மெய்யானது என்று கோர்ட் தரும் சான்று) என்று பெரிய மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் இப்போது இல்லை. வீட்டை 1991-ல் அவர்தான் விற்றார். நிலம் அப்படியே கிடக்கிறது. வீட்டில் உயிலும் இல்லை, கோர்ட் காகிதமும் இல்லை. நிலத்துக்கு 1975 முதல் வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் உயிலைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஹைகோர்ட் இணையதளத்தில் தாத்தா பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. செங்கல்பட்டா, சென்னையா? எங்கே போய் என்ன கேட்பது? ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போட்டால் கிடைக்குமா?

மூன்றாம்புத்தகம்:
முதலில் வில்லங்கத்தை மறந்துவிடுங்கள். வில்லங்கச் சான்று எடுப்பது பதிவு அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தின் (சொத்துப் பத்திரப் பதிவேடு) அட்டவணையிலிருந்து. பதிவு செய்த உயில் ஏறுவது 3-ஆம் புத்தகத்தில். ஆகவே உயில் பதிவாகியே இருந்தாலும் வில்லங்கத்தில் தலைகாட்டாது. "வில்லங்கத்தில் இல்லை, அப்போ உயிலே இல்லை" என்று சண்டைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்குக் குறைவில்லை.

பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவுப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை 3-ஆம் புத்தக நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் கிடைக்கும். காலமான பிறகு யார் விண்ணப்பித்தாலும் கொடுத்தாக வேண்டும். இறப்புச் சான்றை இணைத்துக் கேளுங்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க உங்களை விடமாட்டார்கள். தேடுவது பதிவு அலுவலரின் வேலை.

எந்த ஆபீஸ் என்பதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். உயிலை நிலம் இருக்கும் இடத்தில்தான் பதிய வேண்டும் என்று விதி இல்லை. அதனால் மயிலாப்பூர், மதுராந்தகம் இரண்டிலும் மனு போடுங்கள். தாத்தா கடைசிக் காலத்தில் வேறு ஊரில் மகன் வீட்டில் இருந்திருந்தால் அந்த ஊரிலும் போடுங்கள். உறையில் முத்திரையிட்டு ஒப்படைத்த உயில் என்றால் மாவட்டப் பதிவாளரிடம் 5-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்தபின் விண்ணப்பித்தால் உறையைப் பிரித்து, 3-ஆம் புத்தகத்தில் படியெடுப்பார்கள். இன்னொன்று: உயிலுக்குப் பதிவு கட்டாயமே இல்லை. எங்கும் கிடைக்காவிட்டால் பதிவாகாத உயில் என்றுதான் அர்த்தம், உயிலே இல்லை என்றல்ல.

பழையகட்டு:
கோர்ட் பக்கத்தை நான் சொல்கிறேன். 1984-ல் இருந்த சட்டப்படி, ஓர் இந்து சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், எங்கே எழுதினாலும் நகரத்துக்குள் இருக்கும் அசையாச் சொத்தைக் குறித்த உயிலுக்கும் புரோபேட் வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் 57, 213 பிரிவுகள். வெளியூரில் எழுதி, வெளியூர் நிலத்தை மட்டும் குறித்த உயிலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மதுராந்தகம் நிலம் மட்டும் இருந்திருந்தால் கோர்ட்டுக்கே போயிருக்க மாட்டார்கள். மயிலாப்பூர் வீடு இருந்ததால் போயிருக்க வேண்டும்.

போனது எங்கே? பெரும்பாலும் ஹைகோர்ட் ஒரிஜினல் சைடு (மேல்முறையீடாக இல்லாமல் முதல் வழக்காகவே ஏற்கும் பிரிவு). ஆனால் 270-ஆம் பிரிவுப்படி இறந்தவர் வசித்த இடம் மட்டுமில்லை, சொத்து இருக்கும் இடத்து மாவட்ட நீதிபதியும் மனுவை ஏற்கலாம். ஆகவே செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தையும் ஒதுக்க முடியாது. மதுராந்தகம் அன்று பழைய செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல் காஞ்சிபுரம், 2019-லிருந்து புதிய செங்கல்பட்டு. மாவட்டப் பெயர் மாறியதைப் பார்த்துக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறாதீர்கள். மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டிலேயேதான் இருந்தது. சிட்டி சிவில் கோர்ட்டில் புரோபேட்டைத் தேடுவதும் வீண். உயில் சம்பந்தப்பட்ட அதிகாரத்தை அதன் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது.

இணையத்தில் வராததற்குக் காரணம் இரண்டு. அந்தக் காலத்தில் முடிந்துபோன வழக்குகள் பல கணினியில் ஏறவே இல்லை. ஏறியிருந்தாலும் வழக்கு மனுதாரர் பெயரில்தான் நிற்கும், இறந்தவர் பெயரில் அல்ல. மாமா பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள். ராமசாமிக்கு மட்டுமே நாலு எழுத்துக்கூட்டல் உண்டு. இனிஷியல் முன்னால், பின்னால், சாதிப்பெயர் ஒட்டி, ஒட்டாமல் என்று எல்லாம் பாருங்கள். நேரில் தேடினால் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) பதிவேட்டை மனு போட்ட வருடத்தை வைத்துப் பார்ப்பார்கள். இறந்த வருடத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 1984 முதல் வீடு விற்ற 1991 வரை பார்க்க வேண்டும்.

இத்தனை அலைச்சலுக்கு முன்னால் ஒரு குறுக்குவழி. அந்த 1991 கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுங்கள். அது 1-ஆம் புத்தகம், யாரும் எடுக்கலாம். வாங்கியவர் வக்கீலிடம் காட்டாமல் வாங்கியிருக்க மாட்டார். பத்திரத்தின் முன்கதைப் பகுதியில் வழக்கு எண் கண்டிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம்புத்தகம்:
ஆர்.டி.ஐ. பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். கோர்ட் ஆவணங்களின் நகலை அந்தந்த ஹைகோர்ட் விதிப்படி நகல் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும், ஆர்.டி.ஐ. வழியாக அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் குஜராத் ஹைகோர்ட் வழக்கில் சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் "நகல் மனு போடவும்" என்று பதில் வரும்.

கற்பகவிருட்சம்:
இருவருக்கும் நன்றி. கிரயப் பத்திரம் கிடைத்துவிட்டது. எண்களை மறைத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே தருகிறேன்:

"...என் தகப்பனார் எழுதிவைத்த கடைசி உயில் சாஸனத்தின் பேரில் சென்னை ஹைகோர்ட்டில் ஓ.பி. நெ. */1985 ஆக மனு செய்து, அது டி.ஓ.எஸ். நெ. */1986 ஆக மாற்றப்பட்டு, 1989-ம் வருஷத்தில் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் பெற்று, என் சுவாதீனத்தில் ஆண்டனுபவித்து வரும்..."

இரண்டு எண் ஏன்? மாமா புரோபேட் என்றுதானே சொன்னார்?

பழையகட்டு:
நல்ல வரி. இதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

மாமா புரோபேட் என்றது பேச்சுவழக்கு. புரோபேட், உயிலை நிறைவேற்ற உயிலிலேயே பெயர் குறித்த எக்ஸிகியூட்டருக்கு மட்டுமே கிடைக்கும். இவர் வாங்கியது உயில் இணைத்த லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் அதிகாரப் பத்திரம். அப்படியானால் உயிலில் எக்ஸிகியூட்டர் யாரும் இல்லை, அல்லது இருந்தவர் இறந்துவிட்டார், மறுத்துவிட்டார். இந்த வகையில் மனுதாரர் நிர்வாகப் பத்திரப் பிணை எழுதிக்கொடுக்க வேண்டும், அதுவும் வழக்குக் கட்டில் இருக்கும்.

டி.ஓ.எஸ். என்றால் டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட். யாரோ கேவியட் (ஆட்சேப மனு) போட்டு உயிலை எதிர்த்திருக்கிறார்கள். எதிர்த்தால் மனு, வழக்காக மாறி, புது எண் வாங்கிக்கொள்ளும். ஓ.பி. எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் "மாற்றப்பட்டது" என்ற குறிப்போடு கதை நின்றுவிடும், பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். வழக்கு நடந்ததில் உங்களுக்கு லாபம்தான்: கேவியட் போட்டவரின் பிரமாணப் பத்திரத்தில் அவர் என்ன உறவு, வேறு யார் யார் வாரிசு என்பது இருக்கும். உயிலில் கையெழுத்திட்ட சாட்சியின் வாக்குமூலம் இருக்கும். 1989 தீர்ப்பை எதிர்த்து ஓ.எஸ்.ஏ. (ஹைகோர்ட்டுக்குள்ளேயே மேல்முறையீடு) போனதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அசல் உயில் வீட்டில் இல்லையே என்று கவலை வேண்டாம். அனுமதி கிடைத்த உயிலின் அசல் கோர்ட்டிலேயே பாதுகாப்பில் இருக்கும், வாரிசுரிமைச் சட்டம் 294-ஆம் பிரிவு. குடும்பத்துக்குக் கிடைப்பது முத்திரையிட்ட பத்திரமும் அதோடு இணைத்த உயில் நகலும்.

நகல் மனுவில் தனித்தனியாகக் கேளுங்கள்: மனுவும் சொத்து விவர உறுதிமொழியும், தீர்ப்பும் டிக்ரியும், முத்திரையிட்ட லெட்டர்ஸ், உயில். தீர்ப்பு நகலை மட்டும் வாங்கி வராதீர்கள். "வழங்கலாம்" என்று உத்தரவாகி, கட்டணமோ பிணையோ கட்டாததால் பத்திரமே வெளிவராமல் கிடந்த வழக்குகள் உண்டு. நீங்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை, ஆகவே மூன்றாம் நபராக, பேத்தி/பேரன் என்ற உறவையும் காரணத்தையும் சொல்லி உறுதிமொழி வேண்டும். வாரிசுச் சான்றை இணையுங்கள்.

நன்செய்க்காரன்:
ஒரு எச்சரிக்கை. சொத்து விவரப் பட்டியலில் மதுராந்தகம் நிலம் இருக்கிறதா என்று பாருங்கள். கோர்ட் கட்டணம் மதிப்பைப் பொறுத்தது என்பதால் அவசரத்துக்குச் சென்னை வீட்டை மட்டும் காட்டுவார்கள். பட்டியலில் இல்லாததால் உயில் எழுதிய பங்கு போய்விடாது, விட்டுப்போன சொத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டி வரலாம்.

லெட்டர்ஸ் கிடைத்தது என்பதால் நிலம் தாத்தாவுடையதுதான் என்றும் ஆகிவிடாது. உயில் மெய்யா என்பதை மட்டுமே அந்தக் கோர்ட் பார்க்கும், சொத்தின் உரிமையைப் பார்க்காது. பூர்வீக நிலம் என்றால் அவருடைய பங்கு மட்டுமே உயிலில் போகும். தாத்தாவுக்கு அந்த நன்செய் எப்படி வந்தது என்று மூலப் பத்திரத்தைத் தனியாகத் தேடுங்கள், பட்டா இப்போது யார் பெயரில் என்பதையும் பாருங்கள்.

பழையகட்டு:
சொல்ல விட்டேன். நகல் மனு எண்ணைக் குறித்துக்கொண்டு அறிவிப்புப் பலகையை அடிக்கடி பாருங்கள், அல்லது வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்லிவையுங்கள். நகல் கட்டணம் கேட்டுப் பலகையில் போட்ட பிறகு குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். பழைய கட்டை ரெக்கார்டு ரூமிலிருந்து எடுத்துவரவே நாளாகும், மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.