புதுப்பிப்பு: போக்கரில் வரவுக்கும் செலவுக்கும் சரி

சென்ற ஆண்டு இங்கே புலம்பியிருந்தேன்: இரண்டு வருடமாக இணையத்தில் பணம் கட்டிப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுகிறேன், லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, என்னதான் செய்வது என்று. அதன் தொடர்ச்சி இது.

கணக்கை நோட்டில் ஏற்றினேன். நடுவில் சேரும் பணத்தில் ஆட்டம் நடத்துபவர் தன் பங்கைப் பிடித்துக்கொள்வார். 5 சதவீதம் என்றால் 1,000 ரூபாய்க்கு 50. அதையெல்லாம் கூட்டிய பிறகுதான் விளங்கியது: எதிராளிகளிடம் நான் தோற்கவில்லை, ஜெயித்தது முழுக்கத் தரகுக்குப் போயிருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தலை நரைத்த அப்புச்சி நோட்டைப் புரட்டிவிட்டு ஒன்றே கேட்டார்: "தூக்கம் கெட்டதற்குக் கூலி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், கண்ணு?" அப்படி ஒரு பக்கம் இல்லை.

மன உறுதியால் நிறுத்தினேன் என்றால் பொய். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்தது, கடையைச் சாத்திவிட்டார்கள். முதல் வாரம் விரல்கள் பரபரத்தன.

இப்போது ஞாயிறு மாலைகளில் பங்காளிகளோடு திண்ணையில் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். நேற்று ஆட்டத்தின் உச்சச் சீட்டான ஏஸ் இரண்டு கையில் இருந்தும் 40 கொட்டை போயிற்று. கோபம் மட்டும் பழைய விலைக்கே வருகிறது.